தேவாங்கா, கரண்டிவாய் உள்ளானா?

என் சனி, ஞாயிறுகளை எந்த உயிரைக் காக்கக் கொடுப்பது? கையில் இருந்தவை இரண்டு: திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர்ப் பக்கம் இரவில் மரமேறித் திரியும் தேவாங்கு, முன்பெல்லாம் கோடியக்கரையில் எப்போதாவது தென்பட்ட கரண்டிவாய் உள்ளான் என்கிற கரைப்பறவை. நான் தேவாங்கின் பக்கம் போனேன்.

ஆபத்து யாருக்கு அதிகம் என்றால் பேச்சே இல்லை, உள்ளானுக்குத்தான். உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். ரஷ்யாவின் சுகோத்காவில் குஞ்சு பொரித்து, மஞ்சள் கடலோரச் சேற்றில் இரை தேடி, குளிருக்கு மியான்மர், வங்கதேசம் வரை வரும் பறவை. 2006இல் தென்கொரியாவில் 33 கிலோமீட்டர் கடற்சுவர் எழுந்து, அது இறங்கும் பெரிய சேற்றுவெளி ஒன்று பறிபோனது. கோடியக்கரையை நாம் பொத்திப் பாதுகாத்தாலும் அங்கே போனது போனதுதான். நான் கோடியக்கரைக்கு இரண்டு தடவைதான் போயிருக்கிறேன்; உள்ளான்களை இனம் பிரிக்கவே தடுமாறினேன். பறவைக்காரர்கள் இதை வேறு மாதிரி எடைபோடலாம்.

தேவாங்கு பிறப்பதும் சாவதும் நம் வேலியோரத்தில். 2022இல் கடவூரில் 11,806 ஹெக்டேரில் அதற்கென்றே சரணாலயம் வந்தது, நல்ல விஷயம். ஆனால் காட்டுக்கு வெளியே, தோட்டங்களை ஒட்டியும் அது வாழ்கிறது. அங்கேதான் சிக்கல்.

தேவாங்கு தாவாது. என்னை முடிவெடுக்க வைத்தது இந்த ஒரு விஷயம்தான். ஓர் இரவு, சிவப்புத்தாள் ஒட்டிய டார்ச் வெளிச்சத்தில் உசிலை மரத்தில் இரண்டு கங்குகள் போலக் கண்கள் தெரிந்தன. பின்னங்கால்களால் கிளையை இறுகப் பிடித்துக்கொண்டு, உடம்பை நீட்டி, அடுத்த மரத்தின் நுனியைக் கையால் துழாவியது. எட்டவில்லை. திரும்பி வந்து இன்னொரு கிளையில் முயன்றது. அப்புறம் மெதுவாகத் தரைக்கு இறங்கியது. இறங்கினால் நாய், வண்டிச் சக்கரம், இல்லையென்றால் மாந்திரீகத்துக்குப் பிடிப்பவன் கை.

உயிர்வேலியாக நிற்கும் கிளுவை மரங்களை வெட்டிவிட்டுக் கம்பிவேலி போடும்போது அதன் பாதை அறுந்துபோகிறது. ஆனால் அந்தப் பாதையை ஒட்டவைக்கக் கடல் தாண்ட வேண்டாம். தோட்டக்காரரிடம், "அண்ணே, கம்பி இருக்கட்டும், ஓரமா கிளுவையும் வளரட்டும். உங்க தோட்டத்துப் பூச்சியைத்தான் தேவாங்கு தின்னுது" என்று பேசினால் போதும். மூன்று பேரிடம் பேசினேன். ஒருவர் சரி என்றார். மழைக்கு முன்னால் அவர் வேலியோரம் நாற்பது கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) நட்டோம். பாதிக்கு மேல் துளிர்த்திருக்கிறது.