அந்தச் சினைமான் யார்?

1611-ல் தாமஸ் ரேவன்ஸ்கிராஃப்ட் அச்சிட்ட ‘த்ரீ ரேவன்ஸ்’ என்ற ஆங்கிலக் கதைப்பாடலில், மூன்று அண்டங்காக்கைகள் மரத்தில் உட்கார்ந்து காலைச் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று பேசிக்கொள்கின்றன. கீழே பசும்புல்வெளியில், கேடயத்துக்கு அடியில் ஒரு வீரன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான். ஆனால் கிட்டே நெருங்க முடியாது. காலடியில் அவனுடைய நாய்கள் காவல் கிடக்கின்றன, மேலே அவனுடைய வல்லூறுகள் சுற்றுகின்றன. அப்புறம் நிறைசினையாக ஒரு மான் வருகிறது. ரத்தம் தோய்ந்த தலையைத் தூக்கி, காயங்களை முத்தமிட்டு, அவனை முதுகில் சுமந்துபோய்ப் புதைத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் தானும் செத்துப்போகிறது.

அது வெறும் உருவகம், கர்ப்பிணிக் காதலியைத்தான் மான் என்கிறார்கள் என்பது ஒரு கட்சி. இப்படி வல்லூறும் நாயும் காதலியும் ஒவ்வொரு கனவானுக்கும் கடவுள் தரட்டும் என்று பாட்டே முடிகிறது, வேறு சாட்சி எதற்கு என்பார்கள். சரிதான். ஆனால் வல்லூறு நிஜம், நாய் நிஜம், மூன்றாவது மட்டும் ஏன் உவமை? நிறைமாதக்காரி ஒருத்தி ஆண்பிணத்தை முதுகில் சுமப்பாளா?

மந்திரத்தால் மானாக மாறியவள் என்பது எதிர்க்கட்சி. ‘டாம் லின்’ என்ற ஸ்காட்லாந்துக் கதைப்பாடலில் காதலியின் பிடியிலேயே காதலன் பாம்பாகிறான், ஆகவே இந்தப் பாடல்களின் உலகில் உருமாற்றம் புதிதே இல்லை. காயத்தை முத்தமிடுவதைக் கிறிஸ்துவின் உடலோடும் அன்னை மரியாவோடும் சேர்த்துப் படிப்பவர்களும் உண்டு. காலை ஜெபவேளைக்கு முன் அடக்கம், மாலை ஜெபவேளைக்குள் சாவு என்று வருவதைக் காட்டுவார்கள். எனக்கு அது ஒட்டவில்லை, அன்றைய மக்களுக்குக் கோயில்மணிதானே கடிகாரம்.

எழுத்தாளர் வால்டர் ஸ்காட் 1803-ல் வெளியிட்ட, இதே பாட்டின் ஸ்காட்லாந்து வடிவத்தில் நாய் வேட்டைக்குப் போய்விடுகிறது, வல்லூறு பறவை பிடிக்கப் போய்விடுகிறது, வீரனுடைய காதலி வேறொருவனைத் தேடிக்கொள்கிறாள். அங்கே மானே கிடையாது, சாதாரணப் பெண்தான். அதனால் மான் இருக்கும் இடம் காதலியின் இடம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; வேஷம் சொல்லிலா உடம்பிலா என்பதுதான் வழக்கு. நான் உடம்பு என்பேன், அதற்கு நாய்களே சாட்சி. வேட்டை நாய்களின் மூக்குக்கு நேரே சினைமான் ஒன்று நடந்துவந்து, எஜமானின் தலையைத் தொட்டுத் தூக்குகிறது. அவை குரைத்ததாகப் பாட்டில் ஒரு சொல் இல்லை.