பூர்வீக ஊரைத் தேடிப் புறப்படும் முன்: வம்சாவளிப் பட்டியலை யாரிடமும் முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள்

தமிழ்நாட்டில் தங்கள் பூர்வீக ஊரைத் தேடிப் போக எண்ணியிருக்கும் மலேசியத் தமிழர்கள், குறிப்பாக நண்பர்களாகச் சேர்ந்து முதுகுப்பையோடு குறைந்த செலவில் சுற்றிவர நினைக்கும் இளைஞர்கள், எங்களுக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொண்ட பிறகு புறப்பட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். நாங்கள் நால்வரும் சேர்ந்து இழந்தது 14,000 ரிங்கிட்டுக்கு மேல். எங்களுக்கு எந்த உறவும் இல்லாத ஒரு முதியவரின் காலில் விழுந்து, பூட்டனை நினைத்து அழுதுவிட்டு வந்திருக்கிறோம் என்பது அந்தப் பணத்தைவிட அதிகமாக இன்றும் வலிக்கிறது.

நாங்கள் நால்வரும் ஒரே ரப்பர்த் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) வாழ்ந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அந்தத் தோட்டம் செம்பனையாக மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன, லயங்களும் இல்லை. கங்காணிகள் தங்கள் சொந்த ஊரிலும் அதைச் சுற்றியிருந்த ஊர்களிலும் ஆள் சேர்த்து அழைத்து வந்ததால், ஒரே தோட்டத்துக் குடும்பங்களின் பூர்வீகம் பெரும்பாலும் ஒரே வட்டாரமாக இருக்கும். தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடை செய்யும் வரை இந்த முறை நடைமுறையில் இருந்தது. என் பூட்டன் 1927இல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். சான்றாக எங்களிடம் இருந்தது, அவருடைய தம்பி 1951இல் எழுதிய ஒரே ஒரு கடிதம். அதன் முகவரியில் ‘புதூர், போளூர் தாலுகா, வ.ஆ. ஜில்லா’ என்று இருந்தது. அஞ்சலகத்தின் பெயர் இருந்த மடிப்பு கிழிந்து போயிருந்தது.

புதூர் என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்கள் உள்ளன. ‘வ.ஆ. ஜில்லா’ எனப்பட்ட வட ஆற்காடு மாவட்டமும் இன்று அந்தப் பெயரில் இல்லை. 1989இல் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது போளூர் திருவண்ணாமலை மாவட்டத்தோடு சேர்ந்தது; மீதியிருந்த வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. இவை எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் ஏமாந்ததற்கு இந்த அறியாமையே வழிவிட்டது.

பூர்வீகத்தைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொன்ன பயண ஏற்பாட்டாளர் ஒரு திருமண விருந்தில் எங்களுக்கு அறிமுகமானார். ஊரைக் கண்டுபிடிப்பது, உறவினரைச் சந்திக்க வைப்பது, எட்டு நாள் தங்குமிடமும் வாகனமும் ஏற்பாடு செய்வது என எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒருவருக்கு 2,800 ரிங்கிட் கேட்டார். மூன்று வாரப் பயணத்தில் மற்ற நாள்களைப் பேருந்திலும் ரயிலிலும் நாங்களே பார்த்துக்கொள்வதாகவும், பூர்வீகத் தேடலை மட்டும் அவரிடம் விடுவதாகவும் முடிவு செய்து, 11,200 ரிங்கிட்டை முழுவதுமாக முன்பணமாக அனுப்பினோம். தேடுவதற்கு வேண்டும் என்று அவர் கேட்டதால், நான்கு குடும்பங்களின் வம்சாவளிப் பட்டியல், பழைய புகைப்படங்கள், அந்தக் கடிதத்தின் படம் ஆகிய அனைத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தோம். நாங்கள் செய்த பெருந்தவறு அதுதான்.

சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் நாங்களாகச் சுற்றிய நாள்கள் நன்றாகவே கழிந்தன. எட்டாம் நாள் அவருடைய ஆள் வேலூரில் எங்களை ஏற்றிக்கொண்டு, குடியாத்தம் பக்கத்தில் உள்ள ஓர் ஊருக்கு அழைத்துச் சென்றார். கடிதத்தில் போளூர் தாலுகா என்று இருக்கிறதே என்று நண்பர் கேட்டதற்கு, மாவட்டம் பிரிந்தபோது எல்லாம் மாறிவிட்டது, வட ஆற்காடு என்றால் வேலூர்தான் என்று பதில் வந்தது. மாவட்டம் பிரிந்தது உண்மை. ஆனால் போளூரும் குடியாத்தமும் எக்காலத்திலும் தனித்தனித் தாலுகாக்கள்.

அந்த ஊரில் திண்ணையில் அமர்ந்திருந்த ஒரு முதியவரை, என் பூட்டனுடைய தம்பியின் பேரன், எங்கள் பங்காளி என்று அறிமுகப்படுத்தினார்கள். அவர் என் கைகளைப் பிடித்துக்கொண்டு, பூட்டன் பெயரையும் தாத்தாவின் பெயரையும் அவருடன் பிறந்தவர்களின் பெயர்களையும் வரிசையாகச் சொன்னார். பூட்டியின் பெயரைச் சொல்லும்போது அவர் கண் கலங்கினார். நாங்கள் நால்வரும் அழுதுவிட்டோம். மறுநாள் குலதெய்வக் கோயில் என்று ஒரு சிறு கோயிலைக் காட்டித் திருப்பணிக்காக 30,000 ரூபாய் கேட்டார்கள், கொடுத்தோம். அதற்கடுத்த நாள், பூட்டன் விட்டுச் சென்ற நிலம் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது என்று ஒரு பட்டா நகலைக் காட்டிப் பட்டா மாறுதலுக்கு 25,000 ரூபாய் முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பட்டாவை வைத்து ஆளுக்கு 1,500 ரிங்கிட்டில் ஓசிஐ அட்டையும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள். அதற்கு மட்டும் நாங்கள் யோசித்துச் சொல்வதாகக் கூறினோம்.

அன்று இரவு, அனுப்பிய பட்டியலை மீண்டும் படித்துக்கொண்டிருந்த நண்பர் திடீரென எழுந்து உட்கார்ந்தார். தட்டச்சு செய்தபோது அவர் என் பூட்டியின் பெயரில் முதல் பாதியைத் தவறாக எழுதியிருந்தார். அனுப்பிய பிறகு நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. முதியவர் கண்ணீரோடு சொன்னது அந்தத் தவறான பெயரை. அப்படியொரு பெயரில் எங்கள் வீட்டில் யாரும் இருந்ததில்லை. அதன்பின் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தோம். நாங்கள் அனுப்பியவற்றில் இல்லாத ஒரு செய்தியைக்கூட அவர் சொல்லியிருக்கவில்லை.

பட்டியலில் எழுதாமல் விட்ட ஒன்று என் நினைவில் இருந்தது. ஆடி மாதம் விடியலில் ஊரிலிருந்து நடக்கத் தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் படவேட்டு அம்மனைப் பார்த்துவிடலாம் என்று பூட்டி சொல்வாராம். என் அப்பாயி அதை எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். காலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு நடத்துநரிடம் படவேட்டுக்கு வழி கேட்டேன். வேலூர் போய், அங்கிருந்து போளூர் வண்டியில் ஏறிச் சந்தவாசலில் இறங்கி, மறுபடியும் வண்டி மாற வேண்டும் என்றார். அங்கிருந்து ஒரு பகலில் நடந்து போகும் தூரத்தில் படவேடு இல்லவே இல்லை. முதியவரிடம் திரும்பிச் சென்று, ஆடி மாதத்தில் நம் குடும்பத்தார் எந்தக் கோயிலுக்கு நடந்து போவார்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் எங்களை அழைத்து வந்த ஆளின் முகத்தைப் பார்த்தார். அந்த முதியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு என்ன கொடுத்திருப்பார்களோ தெரியவில்லை. எங்கள் துக்கத்தைச் சரக்காக்கியவர் மீதுதான் என் கோபம் முழுவதும்.

பட்டாவைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை. தமிழ்நாடு அரசின் இணையவழி நிலப்பதிவுச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் பட்டா, சிட்டா விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். நகலில் இருந்த புல எண் அரசுப் புறம்போக்கு நிலத்துடையது. பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்திருக்க வேண்டும். இந்தியக் குடியுரிமை இல்லாதவர், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அங்கே விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘பூர்வீக நிலத்தை மீட்டுத் தருகிறோம்’ என்பவர்கள் அடுத்து அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஓசிஐ அட்டைக்கு இந்திய அரசின் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவருக்குக் கட்டணம் 275 அமெரிக்க டாலர். பூட்டனோ பூட்டியோ இந்தியராக இருந்தாலும் தகுதி உண்டு. அவர்கள் இந்தியர் என்பதை மெய்ப்பிக்கும் ஆவணம்தான் கடினம். அதை எந்தத் தரகராலும் உண்டாக்கித் தர முடியாது.

ஏற்பாட்டாளர் எங்களைத் தங்கவைத்த வீட்டில் ஒருவரும் கடவுச்சீட்டைக் கேட்கவில்லை. வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர்கள் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அந்த ஊரிலிருந்து வெளியேறி ஒரு விடுதியில் அறை எடுத்தபோதுதான் அதை அறிந்தோம். நாங்கள் அங்கே தங்கியதற்கு எந்தப் பதிவும் இல்லாதது, புகார் கொடுக்கச் சென்றபோது எங்களுக்கே பாதகமாக முடிந்தது.

புகாரில் நாங்கள் காட்டிய தாமதமும் பெரியது. இணையவழிப் பண மோசடிக்கு இந்தியாவில் 1930 என்ற எண்ணும் மலேசியாவில் 997 என்ற எண்ணும் உள்ளன. பணம் அனுப்பிய சிறிது நேரத்துக்குள் அழைத்தால்தான் அதை முடக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் அழைத்தபோது ஆறு வாரம் கடந்திருந்தது; ஏற்பாட்டாளரின் கணக்கில் ஒன்றும் இல்லை. காவல் நிலையத்தில் புகார் பதிவாகியிருக்கிறது. இதுவரை ஒரு காசும் திரும்பவில்லை.

ஆகவே உதவிக்கு யாரை நாடினாலும் பட்டியலை முழுதாகக் கொடுக்காதீர்கள். ஊரின் பெயர், தாலுகா, ஒரே ஒரு மூதாதையரின் பெயர் போதும். குலதெய்வத்தின் பெயர், அது ஊருக்கு எந்தத் திசையில் இருக்கிறது, நடந்து போன திருவிழா, வீட்டில் மட்டும் வழங்கும் பட்டப்பெயர் ஆகியவற்றை உங்களிடமே வைத்துக்கொண்டு, உறவு என்று வருபவர் அவற்றைத் தாமாகச் சொல்கிறாரா என்று காத்திருங்கள். பணத்தைப் பகுதி பகுதியாக, வேலை முடிந்த பிறகு கொடுங்கள். கோயிலுக்குக் கொடுக்க மனம் இருந்தால், அந்த ஊரில் வேறு நான்கு வீடுகளில் விசாரித்த பிறகு கொடுங்கள்.

பயணத்தின் கடைசி இரண்டு நாள்களில் நாங்கள் சந்தவாசலுக்குப் போய், அங்கிருந்து படவேட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் பேருந்திலும் நடையிலுமாக அலைந்தோம். எங்கள் புதூர் கிடைக்கவில்லை. கடிதத்தின் நகலை ஒரு கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். ஊர் திரும்பிய பிறகு, வேறொரு தோட்டத்துக் குடும்பத்தின் கூடத்தில், அதே முதியவர் அதே திண்ணையில் அவர்களுடைய பங்காளியாக அமர்ந்திருக்கும் புகைப்படத்தைக் கண்டேன். வெள்ளை மீசை, இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு, பின்னால் நீலக் கதவு. இப்படி ஒரு படம் உங்கள் வீட்டிலும் இருந்தால், கோயிலுக்கோ நிலத்துக்கோ இனி எதுவும் அனுப்பாதீர்கள். எங்கள் புகாரோடு உங்கள் புகாரையும் சேர்க்க முன்வாருங்கள்.