அட்டாரி 2600: இன்றைக்கும் ஆட முடிகிறதா?

1977-ல் வந்த கேம் கன்சோலை இப்போது காசு கொடுத்து வாங்கலாமா? என்னிடம் அட்டாரி 2600 சில வருஷங்களாக இருக்கிறது. முன்பக்கம் மர டிசைன் போட்ட, நாலு சுவிட்ச் மாடல். வாங்கலாம், ஆனால் வீட்டில் சேர்ந்து ஆட ஆள் வேண்டும். தனியாக உட்கார்ந்தால் பெரும்பாலான கேம்கள் கால் மணி நேரத்தில் அலுத்துவிடும்.

காரணம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பாங், டேங்க் மாதிரி இரண்டு பேர் மோதும், காசு போட்டு ஆடும் ஆர்கேட் ஆட்டங்களை வீட்டுக்குக் கொண்டுவரத்தான் இதை வடிவமைத்தார்கள். அதனால் படம் வரையும் சிப்புக்குத் தெரிந்தது ஆளுக்கொரு உருவம், ஆளுக்கொரு குண்டு, ஒரு பந்து, பின்னணி, அவ்வளவுதான். மெமரி வெறும் 128 பைட். ஒரு முழுத் திரையைச் சேமித்து வைக்க அதில் இடமே இல்லை. டிவி கோடு கோடாக வரைந்துகொண்டு போகும்போதே, அடுத்த கோட்டில் என்ன வரவேண்டும் என்று புரோகிராம் ஓடி ஓடிச் சொல்லியாக வேண்டும்.

இது தெரிந்தபின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆடுவதே தனி சுகம். 1980-ல் வந்த அந்தக் கார்ட்ரிட்ஜில் (கன்சோலில் செருகும் கேம் பெட்டி) வரிசைக்கு ஆறு எதிரிகள். ஏன் ஆறு? ஓர் உருவத்தை ஒரே கோட்டில் மூன்று முறை காட்ட சிப்புக்குத் தெரியும். இருப்பது இரண்டு உருவம். அதே சிப்பில் 1982-ன் பேக்-மேன் திணறுகிறது. நாலு பேய்களும் முறைவைத்துத் தோன்றுவதால் ஓயாமல் சிமிட்டிக்கொண்டே இருக்கும். பழைய டியூப் டிவியில் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம், எல்சிடியில் கண் வலிக்கும்.

சேர்ந்து ஆடும்போது எனக்குப் பிடித்தது கஷ்ட நிலை சுவிட்ச். ஆளுக்கொன்று, தனித்தனியாக. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் அதை மாற்றினால் நம் பீரங்கி மட்டும் அகலமாகி எளிதில் அடிபடும். எனக்கு அகலம், பையனுக்குச் சின்னது என்று வைத்தால் ஆட்டம் சரிசமம். இப்படி ஓர் ஏற்பாட்டை இப்போதைய கேம்களில் மெனுவுக்குள் தேட வேண்டியிருக்கிறது. வார்லார்ட்ஸ் இன்னும் ஒரு படி மேல். திருகு போலச் சுழற்றும் பேடில்கள் ஒரு பிளக்கில் இரண்டாக வரும், ஆக நாலு பேர் ஒரே நேரத்தில் சண்டை போடலாம். விருந்தாளி வந்தால் முதலில் வெளியே வருவது அதுதான்.

தனியாக ஆட ஏற்றது என்றால், நதிக்கு மேலே விமானம் ஓட்டிச் சுடும் ரிவர் ரெய்ட். 1982-ல் கரோல் ஷா எழுதி ஆக்டிவிஷன் வெளியிட்டது. அந்தக் கம்பெனியே, தங்கள் பெயருக்கும் உழைப்புக்கும் மரியாதை இல்லை என்று அட்டாரியை விட்டு வந்த புரோகிராமர்கள் 1979-ல் ஆரம்பித்ததுதான். இந்த கேமில் நதி முழுவதும் எங்கும் பதிந்து வைக்கப்படவில்லை. ஒரு கணக்கு, ஆடஆட நதியைப் பிறப்பிக்கிறது, ஒவ்வொரு முறையும் அதே நதியை. நாலு கிலோபைட்டில் இத்தனை நீளம்! எந்தப் பாலத்துக்கு அப்புறம் எரிபொருள் கிடைக்கும் என்று கைக்கு இப்போது பழகிவிட்டது.

பராமரிப்பு? பெட்டி தொந்தரவே தரவில்லை. வயதானதால் படுத்துவது பேடில்தான்: உள்ளே கார்பன் பட்டையில் தூசி ஏறினால் திரையில் மட்டை நடுங்கும். திறந்து கான்டாக்ட் கிளீனர் அடித்து, இரண்டு பக்கமும் நன்றாகச் சுழற்றினால் சரியாகிவிடும். கார்ட்ரிட்ஜ் வேலை செய்யவில்லை என்றால் அதன் செம்பு முனைகளை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தாலே பெரும்பாலும் போதும்.

வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள். அமெரிக்க மாடலின் டிவி முறை வேறு, இந்தியாவில் விற்ற பழைய டிவிகளின் முறை வேறு. இரண்டையும் ஏற்கும் டிவி கிடைத்த பிறகு கன்சோலுக்குப் பணம் கொடுங்கள்.