புற்றுநோய்ப் பரவலை விளக்கும் பிசின் மாதிரி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

உயிரியல் வகுப்புக்காக வாங்கிய இந்த மாதிரி நான்கு பகுதிகளைக் கொண்டது. இயல்பான திசு, கட்டுமீறிய பெருக்கம், அண்டைத் திசுவுக்குள் ஊடுருவல், தொலைவிலுள்ள உறுப்பில் குடியேறல் என்று பகுதிக்கு ஒரு கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள்.

இவற்றுள் மூன்றாவது பகுதிக்காகவே இதை வாங்கலாம். உறுப்பின் பரப்பைப் போர்த்தியிருக்கும் எபிதீலியச் செல்களுக்குக் கீழே, அவற்றைத் தாங்கும் அடித்தளச் சவ்வு ஒளி ஊடுருவும் மெல்லிய தகடாக இருக்கிறது. அதில் ஓரிடத்தில் மட்டும் அரித்தெடுத்தாற்போன்ற சொரசொரப்பான துளையும், அதற்குள் பாதி உடலை நுழைத்தபடி நிற்கும் ஒரு செல்லும் உள்ளன. அதை விரலால் தடவிப் பார்க்கும் மாணவர்களுக்கு, செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-காடெரின் புரதம் குறைந்து பிடி தளர்வதையும், சவ்வைக் கரைக்கும் நொதிகள் வழி திறப்பதையும் விளக்க அதிக நேரம் ஆவதில்லை. இரண்டாவது பகுதியில் கட்டியை நோக்கி வளைந்து வரும் புதிய இரத்தக் குழாய்களும் நேர்த்தியானவை. அவை இல்லாமல் ஒரு கட்டி 1 அல்லது 2 மில்லிமீட்டரைத் தாண்டி வளர இயலாது என்று 1971-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் முன்வைத்த கருத்தை அவற்றைக் காட்டித்தான் தொடங்குகிறேன்.

நான்காவது பகுதிதான் ஏமாற்றம். குருதியில் மிதக்கும் ஆறு செல்களும் அடுத்த உறுப்பில் பத்திரமாகக் கரையேறிவிடுகின்றன. உண்மையில், ஓட்டத்தின் விசையாலும் நோயெதிர்ப்புச் செல்களாலும் அவற்றுள் மிகப் பெரும்பாலானவை வழியிலேயே மடிகின்றன. தப்பியவையும் கண்ட இடத்தில் வேரூன்றுவதில்லை. விதைக்கேற்ற மண் வேண்டும், அதாவது புற்றுச் செல்லுக்கு ஏற்ற உறுப்பு அமைய வேண்டும் என்று ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889-இலேயே எழுதினார். பெருங்குடல் புற்று கல்லீரலுக்குப் பரவுவதற்கு, குடலின் குருதி முதலில் கல்லீரலுக்குள் செல்வது ஒரு காரணமாகிறது; ஆனால் மார்பகப் புற்று எலும்பில் குடியேறுவதைக் குருதி ஓடும் திசையை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதே கையேடு, "செல் பரவ முடிவெடுக்கிறது" என்றும் சொல்கிறது. அதைப் படித்த ஒரு மாணவி, "அதற்கு மூளை இருக்கிறதா?" என்று கேட்டாள், நியாயமான கேள்விதான். மரபணுப் பிறழ்வுகள் சேரச் சேர, பெருகுவதிலும் பிழைப்பதிலும் முந்துகிற செல்களின் வழித்தோன்றல்களே கட்டியில் மிகுகின்றன என்று விளக்க அன்றைய வகுப்பில் பாதி போயிற்று.

பகுதிகளை இணைக்கும் காந்தங்களில் ஒன்று மூன்றே மாதத்தில் கழன்றது. பசை வைத்து ஒட்டிக்கொண்டேன். உடன் ஆசிரியர் இருந்து விளக்கும் வகுப்புகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், தனியே படிப்பவர்களுக்கு மாட்டேன். இப்போதெல்லாம் நான்காவது பகுதியின் ஆறு செல்களில் ஐந்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுத்தான் வகுப்புக்கு எடுத்துச் செல்கிறேன்.