என்.ஜி.எஃப்., என்.டி.-3: உணர்வு நரம்பணுக்களைக் காக்கும் இரு காரணிகள்

கருவளர்ச்சியில் எந்த உணர்வு நரம்பணு பிழைக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை, அது சென்று சேரும் திசுக்கள் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளே. 1950களில் இத்தாலிய நரம்பியல் அறிஞர் ரீட்டா லெவி-மொண்டால்சினி, கோழிக் கருவின் நரம்புத்திரளருகே சுண்டெலியின் புற்றுக்கட்டித் துண்டை வைத்து வளர்த்தபோது, ஒரு நாளுக்குள் நரம்பிழைகள் ஒளிவட்டம்போல் அடர்ந்து விரிந்தன; அந்தக் கண்கொள்ளாக் காட்சிக்குக் காரணமானது என்.ஜி.எஃப். எனும் நரம்பு வளர்ச்சிக் காரணி.

இது, நரம்பணுவின் மேற்பரப்பில் தன்னைப் பற்றிக்கொள்ளும் புரதமான டிரக்-ஏ ஏற்பியின் வழியே, வலியையும் வெப்பத்தையும் உணரும் சிறிய நரம்பணுக்களைக் காக்கிறது. என்.டி.-3 (நியூரோட்ரோஃபின்-3) காப்பதோ, டிரக்-சி ஏற்பியைக் கொண்டு தசையின் நீட்சியை அறிவிக்கும் பெரிய நரம்பணுக்களை; அது இல்லாத எலிக்குட்டிகளின் கால்கள் இயல்புக்கு மாறாக முறுக்கிக்கொள்கின்றன.

வளர்ந்த உடலிலும் அழற்சியின்போது வலியைக் கூர்மையாக்குவதால், மருத்துவத்துக்கு என்.ஜி.எஃப்.தான் முதன்மையானது என்று கருதுகிறேன். அதை ஏற்கும் டிரக்-ஏயின் மரபணு பழுதுபட்ட குழந்தை, தன் நாக்கையே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டாலும் வலியை அறிவதில்லை.