சங்கப்பாட்டு விருந்துக்கு இரண்டு லிட்டர் கல்சட்டி

குறுந்தொகை 167-ஆம் பாட்டில் கூடலூர் கிழார் பாடிய தீம்புளிப்பாகரை, அதாவது இனிய புளிப்புள்ள தயிர்க் குழம்பை, நடுவில் வைத்து நண்பர்களுக்கு விருந்து வைப்பதென்றால், முதலில் வாங்க வேண்டியது கல்சட்டி. பாட்டை வாசித்து, நாலு பேர் பேசி முடிப்பதற்குள் எவர்சில்வர் பாத்திரத்துக் குழம்பு ஆறிவிடும். கல்சட்டி செய்யும் மாக்கல் சூட்டை விடாது. தயிரின் புளிப்பும் அதை ஒன்றும் செய்யாது.

எட்டுப் பேருக்கு இரண்டு லிட்டர் சட்டி சரியான அளவு. வாங்கியதும் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். விரிசல் இருந்தால் கசிவு காட்டிக்கொடுத்துவிடும். பழக்காத சட்டி என்றால் மஞ்சளை விளக்கெண்ணெயில் குழைத்து உள்ளும் புறமும் தடவி ஒரு நாள் ஊறவிட வேண்டும். பிறகு ஒரு வாரம் தினமும் வெதுவெதுப்பான வடிகஞ்சியை மாற்றி மாற்றி ஊற்றி, கடைசியில் சிறுதீயில் வெறும் தண்ணீர் காய்ச்ச வேண்டும். விருந்துக்கு முந்தின நாள் வாங்கி அடுப்பில் ஏற்றும் பொருள் இல்லை இது.

பாகருக்குக் கெட்டியான புளித்த தயிர் ஒரு லிட்டர், கடைந்து அரை லிட்டர் தண்ணீர் சேர்க்கலாம். ஊறவைத்த பச்சரிசி இரண்டு மேசைக்கரண்டி, மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, ஒரு துண்டு இஞ்சி மூன்றையும் அரைத்துக் கலக்குங்கள். மிளகாய் வேண்டாம்; அது போர்ச்சுக்கீசியர் வந்த பிறகுதான் இங்கே வந்தது. சிறுதீயில் கிளறிக்கொண்டே இருந்து, ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியதுமே அடுப்பை அணைத்துவிட வேண்டும். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். அணைத்த பிறகும் கல்லின் சூட்டில் குழம்பு வெந்துகொண்டே இருக்கும்; கொதி வரட்டும் என்று காத்திருந்தால் தயிர் திரிந்து நீர் வேறு, திப்பி வேறாகிவிடும். உப்பைக் கடைசியில் போடுங்கள். நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுவதைச் சாப்பாட்டு மேசையிலேயே செய்தால், தாளிப்புப் புகை கண்ணில் படர்வதைச் சொல்லும் அடியை அந்த வாசனையோடு வாசிக்கலாம். கல்சட்டிக்குக் கொடுக்கும் காசுக்கு அங்கேயே பலன் கிடைத்துவிடும்.

கூடவே இன்னொரு சங்கப்பாட்டான பெரும்பாணாற்றுப்படையின் வரகுச் சோறும், அவரைப் பருப்பை வேகவைத்த அவரைப் புழுக்கும். புழுக்குக்கு மொச்சைப் பருப்பு நன்றாகப் பொருந்தும். வரகை மட்டும் கல்சட்டியில் வடிக்காதீர்கள், அடங்காத சூட்டில் குழைந்துவிடும். சிறு வெண்பூவான பூளைப்பூப் போன்ற சோறு என்கிறது பாட்டு. குழைந்த கட்டியைப் பரிமாறிக்கொண்டு அந்த அடியை வாசிக்க முடியாது. அறுநூறு கிராம் வரகை இருபது நிமிடம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டு தண்ணீரில் சாதாரணப் பாத்திரத்தில் வேகவைத்து, பத்து நிமிடம் மூடி வைத்தால் பொலபொலவென்று வரும்.

குறைகளும் உண்டு. சட்டி நல்ல கனம், நிறைந்திருக்கும்போது ஒரு கையால் தூக்க முடியாது. இன்டக்‌ஷன் அடுப்பு மட்டும் உள்ள வீட்டுக்கு உதவாது. சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். விருந்து முடிந்த அவசரத்தில் தொட்டியில் போட்டுவிடாமல், முழுக்க ஆறவிட்டு, சோப்புக்குப் பதில் சீயக்காய்த் தூளால் தேய்த்துக் கழுவுங்கள்.