பழைய மியாட்டாவுக்கு எது சரி: காயிலோவரா, ஷாக்கும் தாழ் ஸ்பிரிங்குமா?

முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா ஒன்றை இன்று வாங்கப் போனால், முந்தைய உரிமையாளர் யாரோ அதில் காயிலோவர் (துள்ளலை அடக்கும் ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே தொகுப்பாக, உயரத்தைத் திருகி மாற்றும்படி வருவது) மாட்டியிருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் ஷோவில் அறிமுகமாகி 1997 வரை வந்த மாடல் இது. ஐரோப்பாவில் எம்எக்ஸ்-5, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர். ஏறத்தாழ ஒரு டன் எடை, நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன் (மேலும் கீழுமாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு) என்று சஸ்பென்ஷனுக்காகவே பேர் வாங்கிய வண்டி. அதில் போய் பத்துப் பதினைந்து வருடப் பழைய மலிவுக் காயிலோவர் உட்கார்ந்திருக்கும். உயரத்தை மாற்றும் வளையங்கள் துருவில் இறுகி நகராது, ஒரு ஷாக்கில் எண்ணெய் கசியும், பாலத்து இணைப்புகளைக் கடக்கும்போதெல்லாம் இடுப்பில் இடிக்கும்.

இப்போது புதுக் காயிலோவரே வாங்குவதா, அல்லது நல்ல ஷாக்கும் மிதமான தாழ் ஸ்பிரிங்கும் போட்டு நிறுத்திக்கொள்வதா என்று கேட்டால், ஒரு அங்குலம் மட்டும் தாழ்த்திச் சாலையில் ஓட்டுகிறவருக்கு என் ஓட்டு இரண்டாவதற்கு. அதைவிடத் தாழ வேண்டும் என்றாலோ, டிராக்கில் பிடிப்பான டயரோடு ஓட்டுகிறார் என்றாலோ நல்ல காயிலோவர்தான் சரி. மலிவுக் காயிலோவர் மட்டும் யாருக்கும் வேண்டாம்.

முதலில் ஸ்பிரிங்கின் கடினத்தைப் பார்ப்போம், ஏனென்றால் இடுப்பு வலி தொடங்குவது அங்கேதான். ஜப்பானிய, தைவானியக் காயிலோவர்களில் மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று எழுதியிருக்கும். அமெரிக்கக் கணக்கில் அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு. மில்லிமீட்டருக்கு 1 கிலோ என்பது அங்குலத்துக்கு 56 பவுண்டுக்குச் சமம். மியாட்டாவுக்கு வரும் மலிவுக் காயிலோவர்களில் முன்பக்கம் 6 முதல் 8 கிலோ வரை சாதாரணம். தொழிற்சாலை ஸ்பிரிங் அதில் பாதிகூட வராது. விஷ்போனின் நெம்புகோல் கணக்கில் ஸ்பிரிங்கின் கடினத்தில் ஏறத்தாழ பாதிதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். அதாவது 8 கிலோ ஸ்பிரிங், சக்கரத்தில் சுமார் 4 கிலோ. ஒரு மூலையில் இருநூறு கிலோவுக்குச் சற்று மேல் எடை தாங்குகிறது என்று வைத்தால், வண்டியின் முன்பக்கம் நொடிக்கு இரண்டு முறைக்கும் மேல் ஏறி இறங்கும். தொழிற்சாலை நிலையில் இது ஒன்றேகால் முறை அளவு. சாதாரண சாலை வண்டிகள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் இருக்கும். இரண்டைத் தாண்டினால் பந்தய வண்டிப் பக்கம் போகிறோம் என்று அர்த்தம். மேடுபள்ளமான ஊர்ச் சாலையில் அது வேகம் தராது. சக்கரம் தரையை விட்டுத் துள்ளும்போது பிடிப்பும் கூடவே போய்விடும்.

மிதமான தாழ் ஸ்பிரிங்குகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. ஐபாக் ப்ரோ-கிட் போன்றவை வண்டியைச் சுமார் ஒரு அங்குலம் இறக்கி, தொழிற்சாலையை விடக் கொஞ்சம் கடினமாக இருக்கும். ஃப்ளையின் மியாட்டா விற்கும் ஸ்பிரிங் அதைவிடக் கடினம், ஆனாலும் காயிலோவர் அளவுக்கு இல்லை. காயிலோவரை விட வளைவில் வண்டி சாய்வது கொஞ்சம் கூடும், உண்மைதான். முன்பக்கம் தடித்த ஆன்டி-ரோல் பார் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) ஒன்று போட்டால் அது பெருமளவு சரியாகிவிடும்; ரேசிங் பீட் நிறுவனத்தின் உள்ளீடற்ற முன் பார் இந்த வண்டிக்காரர்களிடையே பழைய பழக்கம். ஒரே நேரத்தில் இரண்டு சக்கரமும் ஏறும் மேட்டில் அந்தப் பார் ஒன்றும் செய்யாது, அதனால் சொகுசு அதிகம் கெடாது.

அடுத்து ஷாக். ஸ்பிரிங்கின் கடினம் இரண்டு மடங்கானால், அதே கட்டுப்பாட்டுக்கு ஷாக்கின் பலம் சுமார் 1.4 மடங்காக வேண்டும். இந்தப் பொருத்தத்தை யார் யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்பதில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன. மலிவுக் காயிலோவரில் மேலே ஒரு திருகு இருக்கும், முப்பது கிளிக் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அந்த ஒரே திருகு, ஷாக்கின் தண்டு உள்ளே போகும் வேகத்தையும் வெளியே வரும் வேகத்தையும் சேர்த்தே மாற்றும். வெளியே வருவதை அடக்கலாம் என்று திருகினால் உள்ளே போவதும் இறுகி, மேடு ஏறும்போது அடி நேராக உடம்புக்கு வரும். தளர்த்தினால் வண்டி படகாக ஆடும். நடுவில் எங்கே நல்ல இடம் என்று தேடுவதிலேயே சனிக்கிழமைகள் போய்விடும்.

கோனி ஸ்போர்ட் ஷாக்கில் (மஞ்சள் நிறம், எல்லோருக்கும் தெரியும்) திருகு வெளியே வரும் வேகத்தை மட்டும் மாற்றும். ஸ்பிரிங்கைக் கட்டுப்படுத்துவது அந்தப் பக்கம்தான் என்பதால் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. பில்ஸ்டைன் பி6 ஒற்றைக் குழாய் வாயு ஷாக். மாற்ற ஒன்றும் கிடையாது, மாட்டினால் மறந்துவிடலாம். மாஸ்டாவே 1994இல் இருந்து அமெரிக்காவில் விற்ற ஆர் பேக்கேஜ் என்ற ஸ்போர்ட் வகையில் பில்ஸ்டைன்தான் போட்டது. கேஒய்பி-யின் சாதாரண மாற்று ஷாக் விலை குறைவு, தொழிற்சாலை ஸ்பிரிங்கோடு நன்றாகவே இருக்கும். ஆனால் கடினமான தாழ் ஸ்பிரிங்கைக் கட்டுப்படுத்த அதற்குப் பலம் போதாது. "ஸ்பிரிங் மட்டும் மாற்றினேன், வண்டி துள்ளுகிறது" என்ற புகாரில் பாதி இங்கிருந்து வருகிறது.

இதுவரை ஷாக்-ஸ்பிரிங் கூட்டணிக்கு எல்லாம் சாதகம். இனி அதன் பலவீனம்.

மியாட்டாவில் சக்கரம் மேலே ஏற இருக்கும் இடம் ஆரம்பத்திலிருந்தே குறைவு. தொழிற்சாலை நிலையிலேயே கொஞ்சம் பெரிய மேட்டில் பம்ப் ஸ்டாப்பை (ஏற்றம் முடியும் இடத்தில் முட்டும் ரப்பர் அல்லது நுரைத் தடுப்பு) தொட்டுவிடும். தொழிற்சாலை நீளத்து ஷாக்கை வைத்துக்கொண்டு வண்டியை 30 மில்லிமீட்டர் இறக்கினால், சக்கரம் மேலே ஏறும் இடத்தில் அதே 30 மில்லிமீட்டர் போச்சு. (ஸ்பிரிங்கில் எவ்வளவு இறக்கினாலும் சக்கரத்தில் அதைவிடக் கூடுதலாக இறங்கும் என்பதால் ஷாக்கின் தண்டில் குறைவது அதைவிடக் கொஞ்சம் கம்மி, போகிற திசை அதுதான்.) மிகவும் தாழ்ந்த ஸ்பிரிங்கைப் போட்டவர்களின் வண்டி உண்மையில் ஸ்பிரிங்கில் ஓடுவதே இல்லை, பம்ப் ஸ்டாப்பின் மேலே உட்கார்ந்து ஓடுகிறது. அவர்களும் "ஸ்பிரிங் கடினமாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். வளைவின் நடுவில் ஒரு பக்கம் பம்ப் ஸ்டாப்பில் முட்டினால் அந்த மூலையின் கடினம் சட்டென்று எகிறும். பின்பக்கம் அப்படி நேர்ந்தால் வால் வெளியே வழுக்கும். குட்டி வண்டியில் அது வேகமாக நடக்கும்.

நல்ல காயிலோவருக்கு இங்கே ஒரு நியாயம் இருக்கிறது. அதன் உடல் குட்டை. அதே உயரத்தில் வண்டி நின்றாலும் தண்டு உள்ளே போக அதிக இடம் மிச்சமிருக்கும். ஓலின்ஸ் ரோட் அண்ட் டிராக், 949 ரேசிங்கின் ஸீடா போன்றவை இந்த வண்டியை மனதில் வைத்தே நீளத்தைக் கணக்குப் போட்டுச் செய்தவை. அப்படிப்பட்டதில் ஸ்பிரிங் கடினமாக இருந்தும் ஓட்டம் மென்மையாகத் தோன்றுவது இதனால்தான். ஆனால் விலையைப் பார்த்தால், பழைய மியாட்டாவின் மதிப்பில் கணிசமான பங்கை நான்கு ஷாக்குக்குக் கொடுப்போமா என்ற கேள்வி வரும்.

மலிவான வகைகளில் அடி மவுன்ட்டையும் (ஷாக்கின் கீழ்ப் பிடிப்பு) திருகி உடல் நீளத்தையே மாற்றும் வசதி இருக்கும். ஸ்பிரிங் தட்டைத் தொடாமல் அதை வைத்து இறக்கினால் ஷாக்குக்குள் இடம் குறையாது. ஆனால் அப்போது டயர் ஃபெண்டரில் போய் உரசும். அளவாகச் செய்தால் பயன், பலரும் அளவாகச் செய்வதில்லை.

ஷாக்-ஸ்பிரிங் வழியில் இந்த இடப் பிரச்சினைக்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறை மியாட்டாவின் மேல் மவுன்ட்டை (ஷாக்கின் மேல்முனையை வண்டியோடு இணைக்கும் பிடிப்பு) முதல் தலைமுறையில் மாட்டலாம். வடிவம் வேறு என்பதால் தண்டு உள்ளே போகக் கணிசமான கூடுதல் இடம் கிடைக்கும். கூடவே மெதுவாக இறுகும் நுரை பம்ப் ஸ்டாப் போட்டால், முட்டும்போதுகூட அடி தெரியாது. என்னைக் கேட்டால், ஷாக்கும் ஸ்பிரிங்கும் வாங்கும் எவரும் இந்த மவுன்ட்டைச் செலவுப் பட்டியலில் முதல் வரியில் எழுத வேண்டும். ஏனென்றால் காயிலோவரில் இருந்து திரும்பி வருகிறவரிடம் பழைய மவுன்ட்டே இருக்காது. முந்தைய உரிமையாளர் மவுன்ட், ரப்பர் மெத்தை, தூசிக் குழாய், வாஷர் எல்லாவற்றையும் எப்போதோ தூக்கிப் போட்டிருப்பார். "ஷாக்கும் ஸ்பிரிங்கும் மலிவு" என்ற கணக்கு இந்தச் சின்னச் சாமான்களில்தான் உதைக்கும்.

உயரத்தை மாற்றும் வசதி காயிலோவரின் பெரிய விளம்பரம். உண்மையில் பெரும்பாலோர் ஒரு முறை வைத்துவிட்டு அப்படியே விடுகிறார்கள். ஆனால் நான்கு மூலையின் எடையையும் தராசில் வைத்துச் சரிசெய்ய வேண்டுமானால் திருகுள்ள தட்டு இல்லாமல் முடியாது. முப்பது வயதான வண்டியில் இடம் வலம் சமமாக இல்லாமல் போவதும் சகஜம்; நிலையான ஸ்பிரிங்கில் அதை ஒன்றும் செய்ய முடியாது. கோனியில் ஸ்பிரிங் தட்டு உட்கார ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளம் இருக்கிறது, அவ்வளவுதான். சாலையில் ஓட்டுகிறவருக்கு அது போதும்.

துரு விஷயத்தில் காயிலோவர் தோற்கிறது. பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் கனடா, பிரிட்டன், அமெரிக்க வட மாநிலங்களில் அலுமினிய வளையமும் எஃகுத் திருகும் நாலைந்து குளிர்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் உயரத்தை மாற்றும் வசதி காகிதத்தில்தான். டொராண்டோ பக்கம் ஆண்டு முழுக்க வண்டி எடுக்கிறவர் இதை யோசிக்காமல் வாங்கக் கூடாது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி: கோனி போன்ற நல்ல ஷாக்கின் மேல் கிரவுண்ட் கன்ட்ரோல் திருகுக் குழாயை மாட்டி, இரண்டரை அங்குல விட்டமுள்ள நேர் ஸ்பிரிங்கை விரும்பிய கடினத்தில் தேர்ந்தெடுப்பது. உயரமும் மாறும், ஷாக்கும் தரமானது. ஆனால் ஷாக்கின் நீளம் அதேதான், ஆகவே தாழ இறக்கும் ஆசை இருந்தால் இதுவும் உதவாது.

சட்டப் பக்கம் ஊருக்கு ஊர் மாறும். ஜெர்மனியில் டியூஃப் (வாகனச் சோதனை அமைப்பு) சான்றிதழோடு வரும் ஸ்பிரிங் தலைவலியைக் குறைக்கும். ஜப்பானின் ஷாகென் என்ற கட்டாய வாகனச் சோதனையில் அடித்தள உயரம் 9 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஜாக்கியில் தூக்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து ஆடவும் கூடாது. தாழ இறக்கிய குட்டை ஸ்பிரிங் காயிலோவர் அங்கே மாட்டிக்கொள்வது அந்த இரண்டாவது விதியில்தான். பிரிட்டனில் எது போட்டாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும்.

மாட்டும் வேலையில் ஒரே ஒரு எச்சரிக்கை. காயிலோவரின் ஸ்பிரிங் பெரும்பாலும் குட்டை, கையாலேயே கழற்றிவிடலாம். தொழிற்சாலை வகை ஸ்பிரிங்குக்கு அதை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் கட்டாயம், அது நழுவினால் ஆளையே அடிக்கும். பழக்கமில்லை என்றால் ஷாக்கோடு சேர்த்துப் பட்டறையில் கொடுத்துப் பொருத்தி வாங்கிக்கொண்டு, வண்டியில் மாட்டுவதை மட்டும் வீட்டில் செய்யலாம்.

மாட்டும்போது விஷ்போனின் புஷ் (மூட்டில் உள்ள ரப்பர்) போல்ட்டுகளை ஜாக்கியில் தொங்கும் நிலையில் இறுக்கி முடிக்காதீர்கள். சக்கரம் தரையில் நின்று, எடை முழுதும் இறங்கிய பிறகு இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் முறுகிய நிலையிலேயே இருந்து, சீக்கிரம் கிழிவதோடு வண்டியையும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயர்த்திப் பிடித்திருக்கும். உயரத்தைச் சக்கர மையத்தில் இருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தால் டயர் அளவு குழப்பாது. ஸ்பிரிங் படிய ஓரிரு வாரம் ஓட்டிவிட்டு அலைன்மென்ட்டுக்குக் கொண்டு போகலாம். நான்கு சக்கரத்திலும் கேம்பரை (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம்) மாற்ற மாஸ்டாவே போல்ட் வைத்திருக்கிறது. ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்குச் சமமான மூட்டையை வைக்கச் சொல்லி, முன்பக்கம் மைனஸ் 1 டிகிரி, பின்பக்கம் மைனஸ் 1.5 டிகிரி, பின்னால் கொஞ்சம் டோ-இன் (சக்கரங்களின் முன்முனை உள்நோக்கித் திரும்புவது) என்று கேளுங்கள். சாலை ஓட்டத்துக்கு இது நல்ல தொடக்கம்.